பீரோவுக்குள் வைஃபை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை ஓர் எரிச்சலில் பிறந்தது. எனக்கு ஊர் நாகர்கோவில் பக்கம். ராயபுரத்தில் ஓர் அலுவலகத்துக்கு அலைய வேண்டிய வேலை இருக்கிறது. அது உங்களுக்கு வேண்டாத விஷயம். அதற்காகக் காசிமேட்டில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், கெங்கம்மா என்பவரின் வீட்டு மாடி அறையில் தங்கியிருக்கிறேன். அறையைப் பேசும்போது கெங்கம்மா, "வைஃபை ஃபுல்லா கீதும்மா, இன்னா வோணா பாத்துக்கோ" என்றார். வைஃபை இருந்தது. என் லேப்டாப்பின் மூலையில் விசிறி மாதிரி விரியும் சின்னப் படத்தில் அடிப்புள்ளி மட்டும் தெரிந்தது. விசிறி விரியவே இல்லை.

வியாழக்கிழமை மூன்று மணிக்குள் ஒரு பத்திரிகைக்குக் கதை அனுப்ப வேண்டும். அதற்கு சிக்னல் வேண்டும். 'கதை அனுப்ப சிக்னல் இல்லை' என்று ஒரு கதை எழுதினால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள். ஆகவே என் தொல்லையைத் தூக்கி, என்னைவிடப் பெரிய தேவை உள்ள ஒருத்தியின் தலையில் வைத்துவிட்டேன். அவள் பெயர் ஷிஜி. நான் உண்டாக்கியவள். இதே மாடி அறையில்தான் அவளையும் குடிவைத்தேன்.

ஷிஜியின் கணவன் டென்னிஸ் சரக்குக் கப்பலில் வேலை செய்பவன். கப்பல் ஏதோ ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது. முதலாளி கைவிட்டுவிட்டார். ஆட்களைக் கரையில் இறங்க விடவில்லை. டென்னிஸிடமிருந்து செய்தி வருகிறது, எழுத்தில் மட்டும். 'நல்லா இருக்கேன், கவலைப்படாதே.' குரல் இல்லை, முகம் இல்லை. ஆனால் டென்னிஸ் 'நல்லா இருக்கேன்' என்று சொல்கிற ஆளே கிடையாது. பல்வலி, சமையல்காரன் மோசம், தலையணை சரியில்லை என்று புலம்புகிறவன். புலம்பாத டென்னிஸை ஷிஜி நம்பவில்லை. அந்தச் செய்தியைத் தட்டுவது யார் என்பதுதான் அவளுடைய சந்தேகம்.

ஆள் அனுப்பிய ஏஜெண்டின் அலுவலகம் ராயபுரத்தில் இருக்கிறது. அங்கே போனால் 'எல்லாம் நல்லா இருக்காங்க' என்கிறார்கள். அவர்களும் அதே வார்த்தை. கடைசியில் மாலுமிகளுக்கான ஒரு சங்கம் படகு பிடித்துக் கப்பலுக்குப் போகிறது. வியாழக்கிழமை மூன்று மணிக்கு ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம் வீடியோவில் பேச ஏற்பாடு. ஷிஜி அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். கதை அவ்வளவுதான்.

(எழுதுகிறவளின் கணவரும் கப்பலில் இருக்கிறாரோ என்று யோசித்துக்கொண்டே படிப்பவர்கள் இருப்பார்கள். எந்தக் கதையிலும் எழுதியவரைத் துழாவுகிறவர்கள். அவர்களைத் திருத்த முடியாது.)

2

தொடக்கம், முதல் முயற்சி: 'அன்று கடல் அமைதியாக'

அடித்துவிட்டேன். கடலில் தொடங்கும் கதைகளை நான் நம்புவதில்லை. அதுவும் இங்கிருந்து கடல் தெரியாது, மாட்டியிருக்கும் வலைகளும் ஐஸ் லாரிகளும்தான் தெரியும்.

இரண்டாம் முயற்சி: 'ஷிஜிக்கு யாரையும் பிடிக்காது என்பதில்லை. யாரையும் நம்பப் பிடிக்காது.'

சாமர்த்தியமான வாக்கியம். சாமர்த்தியமான வாக்கியம் வந்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும், எதையோ மறைக்கிறேன் என்று.

மூன்றாம் முயற்சி: 'ஷிஜி லேப்டாப்பைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு மாடிப்படியில் ஒவ்வொரு படியாக'

[இங்கே இணைப்பு போனது. நான் எழுதுவது இணையத்தில் சேமிக்கிற கோப்பில். சிக்னல் போனால் எழுதியதும் போகும். படிக்கட்டில் ஷிஜி என்னவோ கண்டுபிடித்தாள். நான்கைந்து வரி நன்றாகவே வந்திருந்தது. திரும்ப எழுதினால் அது வராது. அவள் படியிலேயே நிற்கட்டும்.]

3

உங்கள் கேள்விகள் எனக்குத் தெரியும். மொபைல் டேட்டா இல்லையா? இருக்கிறது. இந்தச் சந்தில் ஒரு பக்கம் குளிர்பதனக் கிடங்கின் தகரச் சுவர், மறுபக்கம் ஒட்டி ஒட்டி வீடுகள். போனில் 'ஹலோ, ஹலோ' வரைக்கும் கேட்கும், அதற்குமேல் கேட்காது.

வேறு இடத்துக்குப் போகலாமே? போகலாம். ஷிஜி போய்ப் பார்த்தாள். ராயபுரம் மேம்பாலத்துப் பக்கம் ஒரு பேக்கரியில் வைஃபை பிரமாதம். பக்கத்து மேஜையில் பிறந்தநாள் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் திரும்பி வந்துவிட்டாள். டென்னிஸின் முகம் எப்படி வரும் என்று தெரியாது. அதைப் பார்த்து என்ன செய்வாள் என்று அவளுக்கே தெரியாது. அதை ஊர்க்கண் முன்னால் வைத்துக்கொள்ள முடியாது.

உண்மையைச் சொன்னால், இந்தப் பெண் மேல் எனக்கும் சந்தேகம் இருக்கிறது. எதைக் கேட்டாலும் உடனே பதில் வைத்திருக்கிறாள். கற்பனைப் பாத்திரங்கள் கொஞ்சம் தடுமாற வேண்டும். இவள் தடுமாறுவதே இல்லை.

4

லேப்டாப்பில் சிக்னலைக் கூட்ட என்ன வழி என்று இணையத்தில் தேடலாம். அதற்கு சிக்னல் வேண்டும். ஆகவே ஷிஜி தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தாள். பேட்டரியில் ஓடும்போது லேப்டாப் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வைஃபையைச் சுணங்க வைக்கும், அதனால் பிளக்கில் சொருகினாள். ப்ளூடூத்தை அணைத்தாள். இரும்புக் கட்டிலை விட்டு மேஜைக்கு நகர்ந்தாள், மேஜையிலிருந்து பரணுக்கு. தண்ணீர்த் தொட்டி அலையை மறைக்கும் என்று மொட்டை மாடியில் தொட்டிக்கு இந்தப்பக்கம் வந்து நின்றாள். ஒரு கோடு கூடியது, உடனே குறைந்தது.

கீழே ஒவைஸ் என்பவரின் மொபைல் கடையில் ஆண்டெனா வைத்த வைஃபை அடாப்டர் கிடைத்தது. விரல் நீளம்தான். லேப்டாப்பில் சொருகினால் அதன் சொந்தக் காதைவிடத் தூரத்தில் இருப்பதைக் கேட்கும். கூடவே நீளமான வயர் வாங்கி, துணி காயப்போடுகிற கம்பின் நுனியில் அடாப்டரைக் கட்டி, பின்னால் பிரியாணி வந்த அலுமினியத் தாளைக் கிண்ணம் மாதிரி வளைத்து வைத்தாள். மாடிச்சுவரில் கம்பை நட்டு, லேப்டாப்பை ஸ்டூலில் வைத்து, கம்பைக் கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படித் திருப்பித் திருப்பித் திரையைப் பார்த்தாள்.

அவள் திரையைப் பார்த்தாள். சந்து அவளைப் பார்த்தது.

நீங்கள் இந்தச் சந்துக்காரர் என்றால் இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். போன வருஷம் இதே மாதிரி கால் வைத்த ஒரு கருவியோடு நான்கு பேர் வந்தார்கள். எந்தத் துறை என்று சொல்லவில்லை. அளந்தார்கள், எழுதிக்கொண்டார்கள், சுவர்களில் சிவப்பு பெயிண்டில் எண் போட்டுவிட்டுப் போனார்கள். எதற்கென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. தெரியாததால் எல்லோருக்கும் தெரியும்: வீட்டை எடுத்துக்கொண்டு எர்ணாவூர் பக்கம் அடுக்குமாடியில் தள்ளப் போகிறார்கள். மீன் ஏலம் எடுக்கிற பெண் அங்கிருந்து விடியலில் எப்படித் துறைமுகம் வந்து சேருவாள்?

எதிர்வீட்டு ரமாபாய் ஏதோ குரல் கொடுக்க, கெங்கம்மா மேலே வந்தார். ஐம்பது தாண்டிய, ஏலக்கூடத்தில் கத்திக் கத்தித் தடித்த குரல்.

"இன்னாம்மா அளந்துகினு கீறே?"

"அளக்கலக்கா. சிக்னல் புடிக்கேன்."

"கம்ப நட்டுகினு, பொட்டிய வச்சிகினு, கம்பத் திருப்பித் திருப்பிப் பாத்துகினு? போன வருசம் வந்தவனுங்களும் இப்டித்தான் நின்னானுங்கோ. டீ போட்டு வேற குட்த்தேன். அப்பால பாத்தா எங்கூட்டு செவுத்துல நம்பரு."

"நான் எந்த ஆபீசும் இல்லக்கா."

"அவனுங்களும் அப்டித்தான் சொன்னானுங்கோ."

கெங்கம்மா கம்பைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். அது அவருடைய கம்புதான். கேட்கவும் முடியவில்லை.

(கெங்கம்மாவை மட்டும் நான் கற்பனை செய்யவில்லை. அவ்வளவு கற்பனை எனக்குக் கிடையாது.)

5

கம்பு போனபின் ஷிஜிக்குச் சந்தேகம் முற்றியது. கெங்கம்மா தன் போனில் சீரியல் பார்க்கிறார், ஒரு இடத்தில்கூட நிற்காமல் ஓடுகிறது. அப்படியானால் மாடிக்கு மட்டும் ஏன் வரவில்லை? வேண்டுமென்றே அணைக்கிறாரா? வைஃபை உண்டு என்று சொல்லி அறையைத் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்துகிற ரகமா?

மறுநாள் கெங்கம்மா துறைமுகத்துக்குப் போயிருந்த காலை, ஷிஜி லேப்டாப்பைத் திறந்தபடி ஏந்திக்கொண்டு கீழே இறங்கினாள். படிக்கட்டின் பாதியில் இரண்டு கோடு. கூடத்தில் மூன்று. உள்ளறை வாசலில் விசிறி முக்கால்வாசி விரிந்தது. உள்ளே கட்டில், மின்விசிறி, சுவரோரமாக ஒரு பச்சை இரும்பு பீரோ. ரூட்டரைக் காணவில்லை. பீரோவுக்கு முன்னால் போய் நின்றாள். விசிறி முழுதாக விரிந்தது. எட்டி பீரோவுக்குப் பின்னால் பார்த்தாள். சுவரிலிருந்து வந்த வயர், பீரோவின் முதுகில் வட்டமாக வெட்டிய ஓர் ஓட்டை வழியாக உள்ளே போனது.

"பீரோவாண்ட இன்னா வேல?"

கெங்கம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். தலையில் மீன்கூடை. அவர் என்னைப்

அவர் ஷிஜியைப் பார்த்த பார்வையில் போலீசே தேவையில்லை.

ஷிஜி திணறினாள். அப்பாடா, தடுமாறிவிட்டாள். "அக்கா, ரூட்டர் இதுக்குள்ளயா இருக்கு?"

"ஆமா. அதுக்கு இன்னா இப்போ?"

கடற்கரை ஓரத்து வீடுகளில் உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. இங்கே மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, டிவி ரிமோட்கூட பீரோவுக்குள்தான் குடியிருக்கும். முதலில் வாங்கிய ரூட்டர் கூடத்தில் மாட்டி, வயர் சொருகும் இடமெல்லாம் பச்சை பிடித்துச் செத்தது. கெங்கம்மாவின் மகள் மங்கை, கல்யாணமாகி மணலி புதுநகர் போவதற்கு முன்னால், படகுப் பட்டறை வெல்டரைக் கூட்டிவந்து பீரோவின் முதுகில் ஓட்டை போட்டு, இரண்டாவது ரூட்டரை உள்ளே பட்டுப்புடவைகளுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டாள். கெங்கம்மா பூட்டிவிட்டார். பீரோவில் சாய்ந்து உட்கார்ந்துதான் அவர் சீரியல் பார்ப்பது. கதவிடுக்கில் கசிவது அவர் ஒருவருக்குப் போதும்.

"அக்கா, இரும்புக்குள்ள வச்சா அலை வெளிய வராது. பீரோவத் தெறந்து வச்சாப் போதும். வியாழக்கெழம மூணு மணிக்கு, கொஞ்ச நேரம்."

"நல்லா கீது நாயம். நீ யாரு, எந்த ஊருன்னு எனக்கு ஒயுங்கா தெரியாது. மாடில கம்பு நட்டே. இப்போ ஆளில்லாத நேரத்துல வூட்டுக்குள்ள பூந்து பீரோவாண்ட நிக்கிறே. ஒனக்கு நான் பீரோவத் தொறந்து போட்டுட்டுக் குந்தணுமா?"

கெங்கம்மா சொன்னதில் தப்பே இல்லை. நானாக இருந்தாலும் திறக்க மாட்டேன். அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது.

6

முடிவுகள். பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்று: வியாழன் மதியம் கெங்கம்மா குளிக்கிற நேரத்தில் ஷிஜி சுருக்குப்பையிலிருந்து சாவியை எடுத்து பீரோவைத் திறக்கிறாள். அழைப்பு வருகிறது. கெங்கம்மாவும் வருகிறார். சந்தே கூடிவிடுகிறது. திரையில் டென்னிஸ் பார்ப்பது, தன் மனைவியைத் திருடி என்று நான்கு பேர் கையைப் பிடித்து இழுப்பதை. வேண்டாம். ஐந்து நிமிடத்தை இப்படிப் பாழாக்க எனக்கு மனசு வரவில்லை.

இரண்டு: பீரோவைத் திறந்தால் உள்ளே ஒரு பழைய பத்திரம், அதில் ஒரு ரகசியம். நான் படித்த கதைகளில் பீரோவுக்குள் எப்போதும் காகிதம்தான் இருக்கிறது. இந்த பீரோவில் புடவைகள், மிக்ஸி, பாச்சை உருண்டை, ஒரு ரூட்டர். அவ்வளவுதான், நான் உறுதி சொல்கிறேன்.

மூன்று: பீரோ திறக்கவில்லை. மாடி அறையில் ஒற்றைப் புள்ளியில் அழைப்பு வருகிறது. படம் கட்டம் கட்டமாக உடைகிறது. நெற்றி ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். அது டென்னிஸா இல்லையா என்று சொல்லமுடியாமல் ஐந்து நிமிடம் முடிகிறது. அதன்பின் அவள் ஆயுசு முழுக்க அந்தக் கட்டங்களைச் சேர்த்துச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

நான்கு: படம் தெளிவாக வருகிறது. ஆனால் அந்த முகம்

இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.

7

புதன்கிழமை கெங்கம்மா இறால் பாத்திரத்தோடு மாடிக்கு வந்தார். என் அறை வாசலில் உட்கார்ந்து உரிக்கத் தொடங்கினார். உரிக்கிற இடம் அதுவல்ல. வேவு பார்க்க வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

"பொயுதன்னிக்கும் தட்டிகினே கீறியே, இன்னா எய்தறே? எங்க சந்தப் பத்தி எதுனா எய்தி மேலிடத்துக்கு அனுப்பறியா?"

"கதைக்கா. பத்திரிகைக்கு."

"படி, கேப்போம்."

படித்தேன். வேறு வழியில்லை. மறுத்தால் சந்தேகம் ருசுவாகிவிடும். இதுவரை நீங்கள் படித்த எல்லாவற்றையும், உடைந்த வாக்கியங்கள் உட்பட, சத்தமாகப் படித்தேன். கெங்கம்மா உரித்துக்கொண்டே கேட்டார். தன் குரலைத் தடித்த குரல் என்று எழுதியிருப்பதைக் கேட்டு ஒரு 'ம்' போட்டார்.

"ரமாபாய் ஒண்ணும் கொரலு குடுக்கல. நானேதான் பாத்துட்டு வந்தேன். அவ மேல ஏன் போடறே?"

"மாத்திடுதேன்க்கா."

"அந்தப் பொண்ணு புருசன், புலம்பாம நல்லா கீறேன்னு எய்தறான் இல்ல?"

"ஆமா."

"எம்மாம் நாளா?"

"கொஞ்ச நாளா."

கெங்கம்மாவின் கை கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மறுபடி உரித்தார். "இல்லாத பொண்ணுன்னு சொல்றே."

"இல்லாத பொண்ணுதான்க்கா. நானா உண்டாக்கினது."

அவர் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். கீழே போனதும் போனில் யாரிடமோ மெதுவாகப் பேசுகிற சத்தம் கேட்டது. கெங்கம்மா மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. என்னை வெளியே அனுப்பப் போகிறார் என்று முடிவு கட்டி, துணிகளைப் பையில் எடுத்து வைத்தேன். நாளைக்கு உடுத்த வேண்டியதை மட்டும் வெளியே வைத்தேன்.

8

வியாழன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கெங்கம்மா கீழே இருந்து கூப்பிட்டார். "அந்தப் பொட்டிய எடுத்துகினு வா."

போனேன். உள்ளறையில் பீரோவுக்கு முன்னால் பாய் விரித்திருந்தது. கெங்கம்மா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"நேத்து மங்கையாண்ட கேட்டேன். கதை அனுப்பறதுக்கு எவ்ளோ சிக்னலு வோணும்னு. எய்த்து மட்டும்னா ஒரு புள்ளியே போதுமாம். எந்த மூலைல குந்திகினும் அனுப்பிடலாமாம். மூஞ்சி பாக்கணும்னாத்தான் ஃபுல்லா வோணுமாம்."

நான் லேப்டாப்பை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"அப்பால, கதை அனுப்பறவ எதுக்குத் தலைக்கு ஊத்திகினா? எதுக்கு நல்ல பொடவை கட்டிகினு, பூ வச்சிகினு நிக்கிறா? பத்திரிகைக்காரன் பாக்கப் போறானா?"

"அக்கா, அது வந்து"

"இன்னும் யார்ட்ட கதை வுடறே? குந்து."

அவர் பீரோவின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்தார். பாச்சை உருண்டை வாசனை அடித்தது. பட்டுப்புடவைகளுக்கு நடுவே ரூட்டரின் பச்சை விளக்குகள் மினுங்கின. மேல்தட்டில், மிக்ஸிக்குப் பின்னால், நான் இல்லவே இல்லை என்று உங்களுக்கு உறுதி சொன்ன காகிதக்கட்டும் இருந்தது. வீட்டுப் பத்திரமாக இருக்கலாம். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

இப்போது இதை அந்தப் பாயில் உட்கார்ந்து தட்டுகிறேன். விசிறி முழுதாக விரிந்திருக்கிறது. கதையை இந்த நிமிஷமே அனுப்பிவிடலாம், முடிவு மட்டும் இல்லை. மூன்று ஆகப் போகிறது. அவசரமாகத் தட்டுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் மன்னியுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. எனக்கு என்றுதான் எழுதுகிறேன், ஷிஜிக்கு என்று திருத்த நேரமில்லை.

கெங்கம்மா வெளியே போகவில்லை. பீரோவைத் திறந்துபோட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை அவர். வாசற்படியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு காரியம் செய்தார். யாரையும் நம்பாத அந்த மனுஷி, கையை ஊன்றி மெதுவாகத் திரும்பி, திறந்த பீரோவுக்கும் எனக்கும் முதுகைக் காட்டி, கூடத்துச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

"நான் திரும்பிகினேன். நீ பாரு, பேசு, அயுவறதுனா அயு. எவளும் உள்ள வராம நான் பாத்துக்கறேன்."

லேப்டாப் ஒலிக்கிறது.

என்ன முகம் வந்தது என்று உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். இவ்வளவு தூரம் படித்திருக்கிறீர்கள், கேட்க உரிமை உண்டு. முதல் வரியிலிருந்து என்னைச் சந்தேகப்பட்டதும் சரிதான். ஆனால் கெங்கம்மா திரும்பிக்கொண்டார். ஐந்து நிமிடம்தான். நீங்களும் கொஞ்சம் திரும்பிக்கொள்ளுங்கள்.